நாலு வரி

கிளைவ் நான்கர்விஸ் காலை இழந்த வருஷம் மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. மே கடைசிக்குள், அடிலெய்டுக்கு இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள எங்கள் கடினாவைச் சுற்றி எல்லாரும் மைசூர்ப் பருப்பு விதைத்து முடித்துவிட்டார்கள். எங்கள் மண்ணில் சுண்ணாம்புக் கல் மேலே வந்துகொண்டே இருக்கும். விதைத்த கையோடு கனத்த இரும்பு உருளையை ஓட்டிக் கல்லை அமுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அறுவடையில் கத்தி உடையும். பருப்புச் செடி முழங்கால் உயரம்கூட வராது. இயந்திரம் தரையை நக்கிக்கொண்டுதான் போயாக வேண்டும்.

அந்த உருளை வண்டிகளை ரெக்ஸ் பென்ஹேலின் பட்டறையில் செய்தோம். ரோலர் என்போம். நாற்பது அடி அகலம். ரோட்டில் போகும்போது இரண்டு பக்கத்து இறக்கைகளையும் மேலே மடக்கி நிறுத்திக்கொள்ளலாம். ஓர் இறக்கை இரண்டு டன். அதைத் தாங்கிக்கொண்டு நிற்பது இரண்டு உள்ளங்கை அகலமுள்ள ஓர் இரும்பு பிராக்கெட். அங்கே இருபத்திரண்டு வருஷமாக நான் பெயின்ட் அடிக்கிறவன். பெயின்ட் அடிக்கிறவனுக்கு வெல்டிங்கைப் பற்றித் தெரிகிற அளவு வெல்டருக்கே தெரியாது. ஒவ்வொரு வெல்டையும் தடவிப் பார்த்துத் தேய்த்துவிட்டுத்தானே நிறம் ஏற்றுகிறோம்.

பழைய பிராக்கெட் வெறும் தடித்த தகடு. வண்டி கனம் கூடிப்போய் ரோட்டில் கொண்டுபோக அனுமதிக் கடிதம் வாங்க வேண்டியிருக்கிறது என்று விவசாயிகள் முனகினார்கள். அப்போதுதான் ரெக்ஸ் என் பக்கத்து வீட்டு டென்சில் பாஸ்கோவைப் பிடித்தான்.

டென்சில் வாலரூ துறைமுகத்துத் தானியக் கிடங்கில் பராமரிப்பு எஞ்சினியராக இருந்தவன். முதுகு போனதும் வேலையை விட்டான். பதினைந்து வருஷமாகத் தன் பின்னறையில் உட்கார்ந்து, சாமான்களை வடிவமைக்க ஒரு மென்பொருள் எழுதிவந்தான். பெயர் ‘மாலி’. எங்கள் தாத்தாக்கள் வேரோடு மல்லுக்கட்டிக் காடழித்தார்களே, அந்த மாலி மரத்தின் பெயர். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். உலகத்தில் எங்கெங்கோ இருந்தவர்கள் அதை வைத்து சைக்கிளும் காற்றாடியும் வடிவமைத்தார்கள். ஊரில் எங்களுக்கு அது டென்சிலின் பொழுதுபோக்கு. சிலர் புறா வளர்ப்பதுபோல.

ரெக்ஸுக்கு அவன் அதைக் கற்றுக்கொடுத்த சனிக்கிழமை நானும் இருந்தேன். மூன்று பேரும் பேக்கரியில் வாங்கிய, இறைச்சி வைத்துச் சுட்ட பாஸ்டியைத் தின்றுகொண்டே திரையைப் பார்த்தோம்.

“பிராக்கெட்ட கம்ப்யூட்டர்ல ஆயிரக்கணக்கான துண்டாக் கூறுபோட்டுடும்,” என்றான் டென்சில். “ஒவ்வொரு துண்டும் எவ்வளவு பளு தாங்குதுன்னு கணக்குப் போடும். சும்மா உக்காந்திருக்கிற துண்டத் தூக்கிப் போட்டுடும். திரும்பக் கணக்கு. திரும்பத் தூக்கிப் போடும்.”

“எங்க பட்டறையில அப்படிப் பண்ணினா நெவ்தான் முதல்ல போவான்,” என்றான் ரெக்ஸ், என்னைக் காட்டி.

“பாஸ்டிக்கு சாஸ் ஊத்தித் திங்கிறவன் பேச்செல்லாம் நான் கணக்குல எடுக்கிறதில்ல,” என்றேன்.

திரையில் தகடு கரைந்துகொண்டே வந்து கடைசியில் முயலின் இடுப்பெலும்பு மாதிரி ஒன்று நின்றது. பாதிக் கனம்தான். நடுவில் தடித்த தகடு, ஓரங்களில் மெல்லிய தகடு, இரண்டையும் வெல்ட் வைத்துச் சேர்க்க வேண்டும். அழகான சாமான். அந்த வடிவத்தில் பதினெட்டு ரோலர் செய்து விற்றோம். வெல்டிங் முழுக்க ரொஹேலியோ.

ரொஹேலியோ டும்லாவ், நான் கூப்பிடுவது ரோஜ், பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவன். கப்பல் கட்டும் தளத்தில் கற்ற கை. அவன் வெல்ட் மீன் செதில் அடுக்கினதுபோல இருக்கும். எனக்குத் தேய்க்க வேலையே இருக்காது. ரெக்ஸ் கையெழுத்துப் போட்ட வேலை விசாவில்தான் அவனும் மனைவி மரிவிக்கும் இரண்டு பெண்களும் கடினாவில் இருந்தார்கள்.

ஜூன் முதல் வாரம், வியாழக்கிழமை. கிளைவ் தன் வயல் வாசலில் டிராக்டரை நிறுத்திவிட்டு, இறக்கையை இறக்குவதற்கு முன்னால் பூட்டுக்கொக்கியைக் கழற்றப் போயிருக்கிறான். பிராக்கெட் பிய்ந்து இறக்கை கீழே விழுந்தது. அவன் குதித்த குதியில் உடம்பு தப்பியது, வலது கால் தப்பவில்லை. ஊர் ஆஸ்பத்திரியில் முதலுதவி செய்து ஹெலிகாப்டரில் அடிலெய்டுக்குக் கொண்டுபோனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் ரெக்ஸ் பிய்ந்த பிராக்கெட்டைக் கொண்டுவந்து தேநீர் மேசைமேல் வைத்தான். யாரும் பிஸ்கட்டைத் தொடவில்லை. முறிவு வெல்டை ஒட்டி ஓடியிருந்தது.

“வெல்டுதான்,” என்றான் ரெக்ஸ்.

“வெல்டுக்குப் பக்கத்துல, பாஸ்,” என்றான் ரொஹேலியோ. “வெல்டு அப்படியே இருக்கு, பாருங்க. தகடுதான் கிழிஞ்சிருக்கு.”

“நீ சூடு அதிகம் வச்சா தகடு கிழியாதா?”

“நான் சூடு அதிகம் வைக்க மாட்டேன், பாஸ்.”

“கிளைவும் நானும் ஒரே டீம்ல ஃபுட்பால் ஆடினவங்க. அவன் பொண்டாட்டிக்கு நான் என்ன பதில் சொல்ல? சொல்லு. என்ன சொல்ல?”

ரெக்ஸ் கெட்டவன் அல்ல. அவனுக்குப் பழிபோட ஓர் இடம் வேண்டியிருந்தது. கைக்கெட்டிய தூரத்தில் ரொஹேலியோ நின்றான். அன்றிலிருந்து அவனை வெல்டிங்கிலிருந்து எடுத்து என்னோடு துருத் தேய்க்கப் போட்டான். பிற்பாடு, விபத்தை விசாரித்த அரசுப் பாதுகாப்பு அதிகாரியின் அறிக்கை வந்ததும், ஜூலை கடைசியோடு வேலை முடியும் என்று கடிதமும் கொடுத்தான். வேலை போனால் விசாவும் போகும், வேறொரு முதலாளி கிடைத்தாக வேண்டும். ‘வெல்ட் விட்டுப்போனவன்’ என்ற பேரோடு யார் எடுப்பார்கள்?

கிளைவ் அடிபட்ட அந்த வாரம் ஞாயிறு மத்தியானம் டென்சிலும் நானும் வாலரூ படகுத்துறைப் பாலத்தில் கணவாய் மீன் பிடிக்கப் போனோம். தெற்கிலிருந்து ஊசிபோல் குத்தும் குளிர்காற்று. நான்தான் பேச்சை எடுத்தேன்.

“ரோஜ் பாவம். தகடு எப்படிக் கிழிஞ்சிருக்கு பாத்தியா, மெல்லிசுப் பக்கம், வெல்டு ஓரமாவே ஒரு கோடு.”

டென்சில் தூண்டிலைச் சுற்றுவதை நிறுத்தினான். “எந்தப் பக்கம்?”

“மெல்லிசுப் பக்கம்னேனே.”

“தடித்தகடும் மெல்லிசும் சேர்ற கோட்டுலயா? சரியா அந்தக் கோட்டுலயா?”

“ஆமாம்பா.”

அவன் தூண்டிலில் கணவாய் மாட்டியிருந்தது. பாலத்துப் பலகையில் போட்டுவிட்டு அப்படியே நின்றான். அது மையைக் கக்கி அவன் பூட்ஸ் எல்லாம் கறுப்பாயிற்று. குனியக்கூட இல்லை. “வீட்டுக்குப் போகலாம், நெவ். எனக்கு உடம்பு சரியில்ல,” என்றான்.

புதன்கிழமை வெர்னா வேலியருகே வந்து என்னைக் கூப்பிட்டாள். டென்சிலின் மனைவி, ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

“வந்து அவன்கிட்டப் பேசு. மூணு நாளா டோஸ்ட்தான் திங்கிறான். அதையும் பாதி நாய்க்குப் போடறான்.”

அடுப்பங்கரை மேசையில் டென்சில் உட்கார்ந்திருந்தான். சவரம் செய்யாத முகம். எங்களை உட்காரச் சொன்னான். சொல்லத் தொடங்கியபின் நிறுத்தவில்லை.

“மார்ச்ல சிலி நாட்டுலேருந்து ஒரு பொண்ணு எழுதியிருந்தா. மாலி உபயோகிக்கிறவ. தடித்தகடும் மெல்லிய தகடும் சேர்ற இடத்துல உங்க கணக்கு ரெண்டு பக்கத்து இழுப்பையும் கூட்டி ரெண்டால வகுத்துக் காட்டுது, மெல்லிசுல இருக்கிற நிஜ இழுப்பு மறைஞ்சுபோகுதுன்னு. படம் போட்டுக் காட்டியிருந்தா. ஒரு கால் கொதிக்கிற வாளியில, ஒரு கால் ஐஸ் வாளியில, சராசரி பாத்தா இதமா இருக்குங்கிற மாதிரி. நான் பதில் போட்டேன், ‘நன்றி, விதைப்பு முடிஞ்சதும் பாக்குறேன்’னு. எனக்கு என்ன விதைப்பு? எங்கிட்ட ஒரு ஏக்கரா இருக்கா? தங்கச்சி மகனுக்கு டிராக்டர் ஓட்டப் போறேன்னு சொல்லிட்டு இருந்தேன். அப்புறம் மறந்துட்டேன். மறக்கலை. தள்ளிப்போட்டேன்.”

“எவ்வளவு தப்பாக் காட்டுது?” என்றேன்.

“நிஜ இழுப்புல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் காட்டுது. ஞாயித்துக்கிழமை வந்து ரெக்ஸோட பிராக்கெட்டைப் போட்டுப் பாத்தேன். முறிஞ்ச கோடு திரையில அப்படியே சிவப்பா எரியுது. திருத்தறதுக்கு எத்தனை நேரம் ஆச்சு தெரியுமா? இருபது நிமிஷம். நாலு வரி.”

“திருத்திட்டியா?”

“திருத்திட்டேன். மாத்தினா எதுக்கு மாத்தினோம்னு எல்லாரும் பாக்குற பதிவேட்டுல எழுதணும். ‘சிறு ஒழுங்குபடுத்தல்’னு எழுதினேன்.” அவன் தன் கைகளைப் பார்த்தான். “மேசை துடைச்ச மாதிரி.”

வெர்னா எழுந்து குழாயைத் திறந்தாள், மூடினாள்.

“அன்னிக்கு ஷிப்ட்ல நான்தான் இருந்தேன்,” என்றாள். “கிளைவோட பூட்ஸக் கத்தரிச்சது நான். அவன் என்னைப் பாத்து, ‘வெர்னா, சாக்ஸ் புதுசு, பாத்து வெட்டு’ன்னான். உள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். டென், நீ சொல்லக் கூடாது.”

“வெர்ன்—”

“உன் மாலியில பெரிய எழுத்துல போட்டிருக்கில்ல, எந்த உத்தரவாதமும் கிடையாதுன்னு? சும்மா குடுத்தே. யாரும் எடுத்துக்கங்கன்னு குடுத்தே. ஒரு தடவைக்கு ரெண்டு தடவை சரிபாக்க வேண்டியது ரெக்ஸ். அவன் பாத்தானா?”

“அந்த வரி வக்கீலுக்கு எழுதினது. கிளைவுக்கு எழுதினதில்ல.”

“கேஸ் போட்டா வீடு போகும். நீயும் போவ. உன்னை எனக்குத் தெரியும், தாங்க மாட்ட.” என் பக்கம் திரும்பினாள். “நெவ், சொல்லேன்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் ஒரு சொல் கனம் பெற்ற நேரம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நான், “கொஞ்ச நாள் பொறுத்துப் பாப்போம். அதிகாரி என்ன சொல்றார்னு தெரியட்டும்,” என்றேன்.

ஐந்து வாரம் பொறுத்துப் பார்த்தோம். விதைப்பு முடிந்துவிட்டது, ரோலர்கள் எல்லாம் கொட்டகைக்குப் போய்விட்டன, அடுத்த வருஷம்தான் வெளியே வரும், அதற்குள் ஏதாவது ஒரு வழி கிடைக்கும் என்று டென்சில் எனக்குச் சொன்னான். நான் அவனுக்குச் சொன்னேன். அந்த ஐந்து வாரமும் ரொஹேலியோ என் பக்கத்தில் நின்று துருத் தேய்த்தான். மத்தியானம் தன் டப்பாச் சோற்றில் பாதியை என் தட்டில் தள்ளுவான்.

“நெவ், நீ எத்தனையோ வெல்டு பாத்திருக்கே,” என்றான் ஒருநாள். “என்னோடது எப்படி? நிஜமாச் சொல்லு. நானே இப்ப ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன். ஒருவேளை அன்னிக்குக் கை நடுங்கிச்சோ என்னவோன்னு.”

“நல்ல வெல்டு, ரோஜ்.”

“அப்ப எதுக்குக் கிழிஞ்சுது?”

காற்றுக் குழாயின் இரைச்சலில் கேட்காததுபோல முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டேன். அதிகாரியின் அறிக்கை, முறிவு வெல்டை ஒட்டித் தொடங்கியிருக்கிறது, வெல்டின் தரம் சந்தேகத்துக்குரியது என்று வந்தது.

ஜூலை மூன்றாம் சனிக்கிழமை மரிவிக் டென்சில் வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன், கூரை நீர்க்குழாய் அடைப்பெடுக்க. அலுமினியத் தட்டு நிறைய நூடுல்ஸ் கொண்டுவந்திருந்தாள். அவள் சின்னப் பெண் பிறந்தபோது பிரசவம் பார்த்தது வெர்னாதான். அதிலிருந்து எதற்கெடுத்தாலும் தட்டோடு வருவாள்.

“சார் டென்சில், ஒரு உதவி,” என்றாள். உட்காரவில்லை. “போர்ட் பிரி ஊர்ல ஒரு பட்டறைக்காரர் இவரை எடுத்துக்கலாம்ங்கிறார். ஆனா அந்த ரிப்போர்ட் இருக்கே. இந்த ஊர்ல நீங்கதான் எஞ்சினியர். ரொஹேலியோ நல்ல வேலைக்காரன்னு நீங்க ஒரு லெட்டர் குடுத்தா கேப்பாங்க.”

டென்சில் அந்தத் தட்டை வாங்கி மேசைமேல் வைத்தான்.

“சும்மா எழுதச் சொல்லலை, சார். அவர் வெல்டைப் போய்ப் பாருங்க. உண்மைன்னு தோணினா மட்டும் எழுதுங்க.” பிறகு வெர்னாவிடம், “மேம், இதுல மிளகாய் போடலை. போன தடவை சாருக்கு காரம் ஜாஸ்தின்னீங்களே,” என்றாள்.

அவள் கார் தெருமுனை திரும்பியது. டென்சில் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தான்.

“போய்ச் சொல்லு,” என்றாள் வெர்னா.

“நீதானே…”

“ஆமாம், நான்தான். சொல்லாதேன்னு நான் சொன்னேன், நீ கேட்டுக்கிட்ட. நான் என்ன சொன்னாலும் கேக்கிறவனா நீ? கூரைய மாத்துன்னு ஏழு வருஷமாச் சொல்றேன். இது மட்டும் உடனே கேட்டுது. அஞ்சு வாரமா என் மேல சாஞ்சுக்கிட்டு நிக்கிற, டென். எனக்குத் தோள் வலிக்குது. எந்திரி.”

என்னை அவள் ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

அன்று சாயங்காலமே டென்சில் மாலியின் பொதுப் பக்கத்தில் எழுதினான். எது தப்பு, எப்போது தெரிந்தது, யார் சொன்னார்கள், எத்தனை நாள் மறைத்தான், ஒரு மனிதனுக்கு என்ன ஆயிற்று என்று. ‘சிறு ஒழுங்குபடுத்தல்’ என்ற பழைய பதிவை அழிக்க முடியாது; அதற்குக் கீழேயே இதை வைத்தான். எங்கள் இருவர் கண்முன்னால் பொத்தானை அழுத்தினான். பிறகு ரெக்ஸுக்குப் போன் செய்தான். ரெக்ஸ் கால்மணி நேரத்தில் பட்டறைக்கு வரச் சொன்னான்.

டென்சில் சொல்லிமுடித்ததும் ரெக்ஸ் கத்துவான் என்று நினைத்தேன். அவன் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“பதினெட்டு வண்டி,” என்றான். “பதினெட்டு. கிளைவோடது போக பதினேழு வெளியில நிக்குது.”

“சீசன் முடிஞ்சுபோச்சே, எல்லாம் கொட்டகையிலதானே…” என்றேன்.

“கொட்டகையில எப்படி நிறுத்துவான், நெவ்? நாற்பது அடிய விரிச்சா போடுவான்? மடக்கித்தான் நிறுத்துவான். இறக்கை ரெண்டும் மேல. அதுக்குக் கீழ பைக்கை நிறுத்துவான், நாய்க்குச் சோறு வைப்பான்.” அப்போதுதான் டென்சில் பக்கம் திரும்பினான். “ஏன்டா டென், எனக்கு ஒரு போன். ஒரே ஒரு போன். கொட்டகைய பூட்டுன்னு மட்டும் சொல்லியிருந்தாப் போதுமே.”

எங்கள் இருவருக்கும் ஐந்து வாரமாக அது ஒரு தடவைகூட மனதில் தட்டவில்லை. தப்பை மறைப்பதில் அவ்வளவு மும்முரமாக இருந்திருக்கிறோம்.

ரெக்ஸ் பதினேழு வீட்டுக்கும் போன் போட்டுக் கொட்டகையைப் பூட்டச் சொன்னான். ரொஹேலியோவுக்கும் போட்டான். அவன் வந்து வாசலில் நின்றபோது ரெக்ஸால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெல்டிங் முகமூடியை ஆணியிலிருந்து எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, “டீ குடிச்சியா?” என்றான்.

டென்சில் ரொஹேலியோவிடம் தானே சொன்னான். ரொஹேலியோ முழுக்கக் கேட்டான்.

“அப்ப என் கை நடுங்கலை,” என்றான்.

“இல்ல.”

“உங்களுக்கு முதல் வாரமே தெரியும்.”

“தெரியும்.”

பிறகு ரொஹேலியோ என்னைப் பார்த்தான். எனக்கும் தெரிந்திருந்தது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் டப்பாச் சோறு என் தட்டுக்கு வரவே இல்லை.

திங்கட்கிழமை டென்சிலும் நானும் அடிலெய்டுக்குப் போனோம். கிளைவ் மறுவாழ்வு விடுதியின் தோட்டத்தில், மடித்துக் குத்திய கால்சட்டையோடு, வெயிலில் உட்கார்ந்திருந்தான். டென்சில் நின்றுகொண்டே சொன்னான். அழவில்லை, அழுதால் கிளைவ் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும் என்று காரிலேயே சொல்லியிருந்தான்.

“மார்ச்ல அந்தப் பொண்ணு எழுதினா,” என்றான் கிளைவ், ஒவ்வொன்றாக அடுக்குகிறவன்போல. “நீ சோம்பேறித்தனம் பண்ணின. சரி. நானும் அந்தக் கொக்கிய ரெண்டு பேர் நின்னு கழட்டணும்னு தெரிஞ்சே தனியாப் போனவன்தான். அத விடு. ஆனா என் தம்பி ராஸ்கிட்ட அதே ரோலர் இருக்கு.”

“தெரியும். ரெக்ஸ் போன் பண்ணிட்டான்.”

“இப்பப் பண்ணினான். இந்த அஞ்சு வாரம் ராஸோட பசங்க அந்தக் கொட்டகையிலதான் பேஸ்கட் பால் ஆடினாங்க. வெளியில மழையாச்சே.” அவன் டென்சிலை நிமிர்ந்து பார்த்தான். “காலப் பத்தி உங்கிட்டப் பேச எனக்கு ஒண்ணுமில்ல, டென். அந்த அஞ்சு வாரத்தப் பத்திப் பேச இன்னும் தைரியம் வரலை. வந்தாச் சொல்லி அனுப்பறேன். இப்ப போ.”

அதிகாரி மறுபடி வந்தார். டென்சில் எல்லாத் தாளையும் கொடுத்தான். பழைய அறிக்கை ரத்தாயிற்று. டென்சிலை என்ன செய்வது என்று முடிவாக ஒன்றரை வருஷம் ஆனது. கடைசியில் வழக்கு இல்லை என்றார்கள். அவனுக்கு அது நிம்மதியாக இல்லை. ரெக்ஸ் ரொஹேலியோவைத் திரும்ப எடுத்துக்கொண்டான். ரொஹேலியோ மூன்று மாதம் இருந்துவிட்டுப் போர்ட் பிரிக்குப் போனான். யாரும் தடுக்கவில்லை, தடுக்க எங்களில் யாருக்கு வாய் இருக்கிறது?

ஆனால் போவதற்கு முன் அந்தப் பதினேழு ரோலரையும் அவன்தான் சரிசெய்து முடித்தான். டென்சிலையும் சேர்த்து நாங்கள் மூன்று பேரும் ஒரே வண்டியில் பண்ணை பண்ணையாகப் போனோம். நான் என் பெயின்டை நானே சுரண்டுவேன். டென்சில் சிவப்புச் சாயத்தைத் தடவித் துடைத்து, வெள்ளை மாவைத் தெளிப்பான். விரிசல் இருந்தால் வெள்ளையில் மெல்லிய சிவப்புக் கோடு கசிந்து வரும். பதினேழில் மூன்றில் வந்தது. கடைசியாகப் போனது ராஸின் கொட்டகை. அங்கே கோடு என் கட்டைவிரல் நீளம் இருந்தது. சுவரில் கூடைப்பந்து வளையம் மாட்டியிருந்தது. ராஸ் எங்களுக்குத் தேநீர் தரவில்லை, தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

இறக்கையைச் சங்கிலியால் கட்டி நிறுத்திவிட்டு ரொஹேலியோ ஏணியில் ஏறினான். விரிசலின் மேல் வைக்க வேண்டிய தகட்டை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் போகப் போனேன். டென்சில் என்னை விலக்கிவிட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு, இரண்டு டன் இரும்புக்கு நேர் கீழே போய் நின்று தகட்டைப் பிடித்தான்.

இரண்டு வாரமாக ரொஹேலியோ அவனிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு சொல் பேசியதில்லை. அன்றும் அப்படித்தான்.

“கண்ண மூடிக்கங்க, சார்.”

டென்சில் மூடிக்கொண்டான். நீல வெளிச்சம் கொட்டகையெங்கும் துடித்தது. ரொஹேலியோ அவசரப்படவில்லை, செதில் செதிலாக ஒரு பக்கம் முடித்து, மறுபக்கம் முடித்தான். வெளிச்சம் நின்றது. புகை கலைந்தது.

“முடிஞ்சுது,” என்றான் ரொஹேலியோ.

டென்சில் கண்ணைத் திறக்கவில்லை. தகட்டையும் விடவில்லை. ரொஹேலியோ ஏணியிலிருந்து இறங்கி, கையுறையைக் கழற்றி, கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தான். பிறகு இன்னும் ஒரு தடவை, சத்தமாக, “முடிஞ்சுது, விடுங்க” என்றான்.